செக்கு வாங்கும் முன் 200 வீடுகள்

கேள்வி: எனக்கு வயது 38. தனியார் வேலை, 6 லட்சம் ரூபாய் சேமிப்பு. மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்க ஆசை. செக்கு, மோட்டார், வயரிங் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும் என்கிறார்கள். மனைவி ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறார். இறங்கலாமா, காத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: செக்கு இப்போது வேண்டாம். வேலையையும் விடாதீர்கள். ஆனால் எண்ணெய் விற்பதை இந்த மாதமே தொடங்குங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 325. புண்ணாக்கு 1.4 கிலோ அளவுக்குக் கிடைக்கும். அதை 40 ரூபாய்க்கு விற்றால் 56 திரும்பி வரும். பாட்டில், லேபிள், கரண்ட், டெலிவரிக்கு 35 சேர்த்தால் அடக்கம் 304. விலை 360 வைத்தால் லிட்டருக்கு 56 ரூபாய் நிற்கும். வீட்டுச் செலவு 25,000, கடை வாடகை 8,000 என்றால் மாதம் 590 லிட்டர் போயாக வேண்டும். வீட்டுக்கு 3 லிட்டர் என்றாலும், மாதாமாதம் தவறாமல் வாங்கும் குடும்பங்கள் 200 வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதை மறுபடி எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. 590 லிட்டருக்குப் பருப்பு வாங்கவே ஏறக்குறைய 1.9 லட்சம் ஆகும். 4 லட்சத்தை மெஷினில் போட்டால் மிச்சம் இருப்பது ஒரு மாதப் பருப்புக்குத்தான் சரியாக வரும். நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் கை சுட்டுக்கொண்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டினார்கள். எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த லோடு வாங்கப் பணம் இல்லை.

அதனால் மூன்று மாதம் கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் ஆட்டி விற்றுப் பாருங்கள். ஆட்டும் கூலி போக லாபம் குறையும், பரவாயில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்; சோதனைக்கு விற்றாலும் விற்பனைதான். பூஞ்சை பிடித்த பருப்பைக் கட்டாயம் பொறுக்கி எடுங்கள். அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு.

சொந்தக்காரர், ஆபீஸ் நண்பர் யாரையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். தெரியாத 50 வீடுகளுக்கு விற்று, நீங்கள் கேட்காமலே மூன்றாம் மாதமும் வாங்கியவர்களை எண்ணுங்கள். 25 பேருக்கு மேல் என்றால் இறங்கலாம். 12 பேருக்குக் கீழே என்றால், அல்லது விலையைக் குறைத்தால்தான் வாங்குகிறார்கள் என்றால், விட்டுவிடுங்கள். இந்த எண்கள் என் அனுபவத்தில் வந்தவை. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் விற்க ஆரம்பிக்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு ஆசைக்கு ஏற்ற எண்ணைத்தான் சொல்லும்.

எண்ணிக்கை 12-க்கும் 25-க்கும் இடையில் நின்றால் காத்திருக்கலாம், ஆனால் எதற்காக என்று ஒரு தேதியோடு சொல்ல முடிய வேண்டும். மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடைக்கு வரும்போது விலை பெரும்பாலும் இறங்கும். அதுவரை பொறுப்பது நல்ல காரணம். வீட்டுக் கடன் சில மாதத்தில் முடிகிறது என்பதும் அப்படியே. ‘நிலைமை சரியாகட்டும்’ என்பதற்குத் தேதி கிடையாது.

உங்கள் மனைவி கேட்ட ஒரு வருடத்துக்குப் பதில் இந்த மூன்று மாதத்தைச் சொல்லிப் பாருங்கள். விற்பனை நோட்டை அவரிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.