சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் ஒன்பது வருடம் பிடிபடாமல் இருந்தது எப்படி?

எங்கள் கல்லடியில் ஒரு கந்தோர் கிளாக்கர் சம்பளத்துக்கு மீறி மாடிவீடு கட்டினால், கூரை போடுமுன்பே தேத்தண்ணிக் கடையில் கணக்குப் பார்த்து முடித்துவிடுவார்கள். சி.ஐ.ஏ.யில் அந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்கவே வெகுகாலம் ஆனது.

அமெரிக்காவுக்காக ரகசியமாக வேலைசெய்த சோவியத் ஆட்களின் பெயர்கள் ஏம்ஸின் மேசைக்கே வரும். அவருடைய பதவி அப்படி. கடன் நெருக்கியது. 1985 ஏப்ரலில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நேரே நடந்துபோய்த் தகவல் கொடுத்தார். முதல் கூலி 50,000 டொலர். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் குறைந்தது பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள்.

சம்பளம் வருடத்துக்கு 70,000 டொலருக்கும் குறைவு. வாங்கியதோ 540,000 டொலர் வீடு, அதுவும் முழுக்கக் கைக்காசாக; ஜாகுவார் கார் வேறு. கேட்டவர்களுக்கு, மனைவி கொலம்பியாவில் வசதியான குடும்பம் என்ற ஒரே பதில்தான். பொய்யறியும் கருவிச் சோதனையிலும் 1986, 1991 என இரண்டு தடவை தப்பிவிட்டார். (நான் அந்தக் கருவியை நம்பாததற்கு இவர்தான் காரணம்.)

அப்புறம், அவர் வங்கியில் பணம் போட்ட திகதிகளைச் சோவியத் அதிகாரியைச் சந்தித்த திகதிகளோடு ஒப்பிட்டபோதுதான் சந்தேகம் இறுகியது. 1994 பெப்ரவரி 21இல் கைது, ஆயுள் தண்டனை.