பழைய படகில் கியரை விடுவிக்கும்போது எஞ்சின் நிற்பது ஏன்?

கேள்வி: மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ் (எஞ்சின் விசையை ப்ரொப்பெல்லருக்குக் கடத்தும், படகின் பின்புறம் உள்ள பகுதி) பொருத்திய, 1988ஆம் ஆண்டுப் படகு ஒன்றை வாங்கி கனடாவின் சிம்கோ ஏரியில் ஓட்டுகிறேன். முன்கியரிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. கியர் லீவரும் கனமாக இருக்கிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை. டிரைவையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் சேர்ந்து வரும்போது, எஞ்சினையோ டிரைவையோ சந்தேகிப்பதற்கு முன்பாகக் எஞ்சின் பக்கமிருந்து டிரைவுக்குச் செல்லும் கீழ் ஷிஃப்ட் கேபிளைத்தான் (கியர் மாற்றும் கம்பிவடம்) பார்க்க வேண்டும்.

ஆல்ஃபா டிரைவின் கீழ்ப்பகுதியில் கியரைப் பிடிப்பது பற்கள் கொண்ட ஒரு கிளட்ச். எஞ்சின் விசை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்தப் பற்கள் எளிதில் விலகுவதில்லை. ஆகவே கியரை விடுவிக்கும்போது கேபிளில் இழுவிசை கூடியதும், லீவரிலிருந்து வரும் மேல் கேபிளும் இந்தக் கீழ் கேபிளும் சேரும், எஞ்சின் மேலுள்ள ஷிஃப்ட் தகட்டில் இருக்கும் சிறு சுவிட்ச் இக்னிஷனை ஒரு கணம் துண்டிக்கிறது. எஞ்சின் தடுமாறும் அந்த இடைவெளியில் பற்கள் விடுபட்டு, சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தாலோ அந்தச் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்க, எஞ்சின் அணைந்துபோகிறது. சிலர் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். படகுத்துறையை நெருங்கும் நேரத்தில் கியர் விடுபடாமல் போனால், படகை உரிய நேரத்தில் நிறுத்த முடியாமல் போகலாம்.

குறை எங்கே என்று கண்டறிய, படகைக் கரையேற்றி, சாவியை எடுத்துவிட்டு, லீவரிலிருந்து வரும் கேபிளை ஷிஃப்ட் தகட்டிலிருந்து கழற்றுங்கள். அதன்பின்னும் லீவர் கனமாக இருந்தால் மேல் கேபிளிலோ லீவர் பெட்டியிலோதான் குறை. லீவர் இலேசாக நகர்ந்தால், ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டிருக்க, கீழ் கேபிளை நீங்கள் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல கேபிள் விரல் பலத்திற்கே வழுக்கிச் செல்லும். சொரசொரப்பாகவோ ஓரிடத்தில் முட்டி நிற்பதாகவோ உணர்ந்தால் அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும்.

கீழ் கேபிளை மாற்ற டிரைவைக் கழற்ற வேண்டும். ஆல்ஃபாவைக் கழற்றும்போது அது முன்கியரில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கழற்றிய கையோடு ரப்பர் பெல்லோஸ்களை (தண்ணீர் புகாமல் காக்கும், மடிப்பு மடிப்பான உறைகள்) விரல்களால் விரித்து மடிப்புகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெடிப்பு மேட்டில் அல்ல, அந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகிறது. கேபிளின் பெல்லோஸும் வெளியுறையும் கிழிந்திருந்தால் தண்ணீர் அதன் வழியே படகுக்குள்ளேயே வந்து சேரும். சுழல்தண்டை மூடும் பெரிய பெல்லோஸ் கிழிந்திருந்தால், அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் துருப்பிடிக்கும். படகைத் திருப்பும்போது பின்புறமிருந்து எழும் உறுமல் சத்தம் அதன் அடையாளம். பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. டிரைவைத் திரும்பப் பொருத்துவதற்கு முன், எஞ்சின் நேராக அமர்ந்திருக்கிறதா என்பதை அலைன்மென்ட் கம்பியால் சோதியுங்கள். சுத்தியலால் தட்டத் தேவையின்றி, கம்பி கிம்பல் பேரிங் வழியாக எஞ்சின் இணைப்புக்குள் கை பலத்தில் எளிதாக நுழைய வேண்டும்.

புதிய கேபிளைப் பொருத்தியபின் சர்வீஸ் கையேட்டின் அளவுப்படி சரிசெய்து, இரு கியர்களிலும் கிளட்ச் முழுமையாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாகப் பிடிக்கும் கியர் பற்களின் முனைகளைத் தேய்த்துவிடும். ஐடில் வேகம் (முடுக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) கூடுதலாக இருப்பதும், கியரைப் பயந்து பயந்து மெல்ல நகர்த்துவதும் அதே சேதத்தைத்தான் செய்யும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது, தயங்காமல் ஒரே அசைவில் மாற்றுவதே முறை.

கியர் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கீழ்த் திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு; உலோகச் சில்லுகள் கிடைத்தால் கியர்களைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் குமிழியின்றி வழியும்வரை நிரப்பி, மேல்திருகை முதலில் மூடுங்கள். உங்கள் பகுதியின் உறைபனியை எண்ணி, இதைக் கோடைத் தொடக்கத்திற்குத் தள்ளாமல் இலையுதிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் டிரைவின் வெளிக்கூடே பிளந்துவிடும். குளிர்காலம் முழுவதும் டிரைவை இறக்கியே வைத்திருங்கள்.