சவுக்குத் தோப்பை விலை பேசியவர் ஏன் வெட்டியதும் மரத்தை ஏற்றிவிடப் பறக்கிறார்?

காரணம் ஈரம். காகித ஆலைக்குப் போகும் சவுக்குக்கு டன் கணக்கில்தான் பணம். வெட்டிப் போட்ட மரம் காயக் காய எடை குறையும். தோப்பை மொத்தமாக மதிப்புப் போட்டு வாங்கியிருந்தால் அந்த நஷ்டம் அவருக்கு; டன் விலை பேசியிருந்தால் தோப்புக்காரரான உங்களுக்கு. அதனால் ஆளும் லாரியும் ஒன்றாகக் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருந்து வெட்டுவார். மழை பெய்து லாரி வயலில் இறங்காவிட்டால் அன்றைக்குக் கூலி தண்டம்தான்.

1 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 4,000 மரம். நேராக வளர்ந்தவை சாரத்துக்கும் பந்தலுக்கும் தனியாகப் போகும். மிலாறு, அதாவது மெல்லிய கிளைகள், விறகுக்கு. அப்புறம், வேர் யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்; அதில் சண்டை வரலாம்.