எட்டு நாளில் மணாலியிலிருந்து லே: பணம் கட்டலாமா?

கேள்வி: கோவையில் நாங்கள் மூன்று நண்பர்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறுதோறும் மருதமலை, எப்போதாவது ஆழியாறிலிருந்து வால்பாறை என்று சைக்கிள் மிதிக்கிறோம். வரும் ஆகஸ்டில் இமயமலைப் பக்கம் போக ஆசை. ஒரு நிறுவனம் மணாலியிலிருந்து லே வரை 8 நாள் என்கிறது. இன்னொன்று ஸ்பிதி பள்ளத்தாக்கு, 9 நாள், விலை கூடுதல். படங்களைப் பார்த்தால் இரண்டையும் விட மனசில்லை. எதற்குப் பணம் கட்டலாம்?

பதில்: ஸ்பிதிக்கு. அதுவும் சிம்லா, கின்னவூர் வழியாக உள்ளே போவதாக இருந்தால் மட்டும்.

படத்தில் காற்று தெரியாது, அதுதான் சிக்கல். நம் நீலகிரியில் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மணாலி–லே சாலையில் சார்ச்சு கூடாரங்களில் நீங்கள் படுத்துத் தூங்குவதே சுமார் 4,290 மீட்டரில். அதற்குப் பிறகு லாச்சுலுங் லா (‘லா’ என்றால் கணவாய்) 5,000 மீட்டரைத் தாண்டுகிறது, தங்லங் லா 5,328. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். இடையில் வரும் காட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40 வளைவு ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அந்த 21 வளைவும் தொடங்குவதே 4,200 மீட்டர் வாக்கில். கால் வலு இருந்தும் மூச்சு வராமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. 8 நாள் திட்டத்தில் இதற்கு இடமே இருக்காது. பெரும்பாலும் ஜிஸ்பாவில் (3,200 மீட்டர்) ஓர் இரவு, மறுநாள் நேரே சார்ச்சு. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல்! தலைவலி, வாந்தி என்று பலர் வண்டியில் ஏறிக்கொள்வது இங்கேதான். சைக்கிள் பயணத்துக்குக் கட்டிய பணத்தில் ஜீப் பயணம் போய் வருவீர்கள். நடுவில் பட்சியோ போன்ற இடத்தில் ஓர் இரவும், மணாலியில் இரண்டு நாளும் சேர்த்து 11, 12 நாள் திட்டமாக யாராவது கொடுத்தால், அப்போது அந்தச் சாலைக்கு நானே ஓட்டுப் போடுவேன்.

ஸ்பிதிக்குப் போகும் கின்னவூர் வழி படிப்படியாக ஏறும். ரெக்காங் பியோ சுமார் 2,300 மீட்டர், நாக்கோ 3,600ஐ ஒட்டி, அடுத்த தாபோவில் இறங்கி 3,280, பிறகு காஜா 3,650. பியோ வரை பஸ்ஸிலோ காரிலோ போய், அங்கிருந்து மிதித்தால் காஜாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் விழுகிறது. அங்கிருந்து நாக்கோவுக்கு ஏறும் வளைவுகள்தான் இந்த வழியின் கடினமான பகுதி. தாபோவின் பௌத்த மடம் 996-ல் கட்டப்பட்டது. அரைநாள் ஒதுக்குங்கள், உடம்பும் பழகும். காஜாவில் இரண்டு இரவு தங்கிய பிறகு லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஊர்களைச் சுற்றி வாருங்கள். அங்கே 4,400 மீட்டருக்கு மேல் போவீர்கள், ஆனால் தூங்க காஜாவுக்கே இறங்கிவிடலாம். இந்தியர்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். ‘பெர்மிட் கட்டணம்’ என்று ரசீதில் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

ஆகஸ்டு மட்டும் வேண்டாம். ஸ்பிதி மழை மறைவுப் பகுதிதான், ஆனால் அங்கே போய்ச்சேரும் கின்னவூர் சாலையில் மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம். செப்டம்பருக்குத் தள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், இரவு எந்த உயரத்தில் தங்கல். கூடவே ஆக்சிஜன் சிலிண்டர் எந்த வண்டியில், எத்தனை சைக்கிளுக்கு ஒரு சப்போர்ட் வண்டி என்பதும் அதில் இருக்கட்டும். இதைத் தராமல் இன்னும் நாலு படம் அனுப்புகிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? எங்களில் ஒருவரிடம் மின்சார சைக்கிள் இருக்கிறது.

பதில்: மின்சார சைக்கிளை விட்டுவிடுங்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட்-அவர். அந்த சைக்கிள் பேட்டரிகள் பொதுவாக அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

மற்றவர்கள் சொந்த சைக்கிளையே கொண்டுபோகலாம், உங்கள் உடம்புக்குப் பழகிய சீட்டும் ஹேண்டில்பாரும் நீண்ட ஏற்றத்தில் பெரிய வரம். சைக்கிள் கடையில் கேட்டால் புது சைக்கிள் வந்த அட்டைப் பெட்டி கிடைக்கும். பெடல், முன் சக்கரத்தைக் கழற்றி அதில் கட்டிவிடலாம். விமானக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். வாடகைக்கு எடுத்தால் முன் சஸ்பென்ஷன் போதும், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அவசியம். பிரேக் பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இறக்கம் மணிக்கணக்கில் வரும் ஊர் அது. இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: இமயமலை வேண்டாம், மசினகுடி பக்கம் காட்டுப் பாதையில் சைக்கிள் விடலாம், அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார் ஒரு வழிகாட்டி. நம்பலாமா?

பதில்: கூடாது. அது முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானைக் காடு. வனத்துறை அனுமதியின்றி காட்டுக்குள் போவது குற்றம், மாட்டிக்கொண்டால் வழிகாட்டி கூட நிற்க மாட்டார். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. கோத்தகிரி தார்ச் சாலைகளே போதும்.

கேள்வி: ‘எக்காரணம் கொண்டும் முன்பணம் திரும்பாது’ என்று ரசீதில் போட்டிருக்கிறார்கள். சாலை அடைபட்டால்? விழுந்து அடிபட்டால் காப்பீடு வருமா?

பதில்: அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. ஆனாலும் வழக்குக்குப் போவதைவிட முன்கூட்டியே பேசுவது லாபம். சாலை மூடினால் மாற்று வழியா, வேறு தேதியா, எவ்வளவு திரும்பும் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சிம்லாவுக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில், சாகச விளையாட்டு பற்றி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு வாசகம் தொழில்முறையாக ஈடுபடுவோரைத்தான் குறிக்கிறது. பொழுதுபோக்காக மிதிக்கும் உங்களை அதைக் காட்டி மறுத்தால் எதிர்த்துக் கேளுங்கள். ஆனால் மலையிலிருந்து தூக்கி வரும் செலவு அதில் பொதுவாக அடங்காது, அதற்குத் தனிப் பயணக் காப்பீடு வேண்டும். அதில் உயர வரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 4,000 மீட்டரோடு நிறுத்திவிடும் பாலிசி கோமிக்கில் உதவாது.