மழை ஓயலையாம்

அன்புள்ள ஐயா,

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடம். ‘வில்’ என்றால் ‘வுட்’, ‘டுமாரோ’ என்றால் ‘த நெக்ஸ்ட் டே’ என்று அட்டவணையை உருப்போடுகிறாள். “கடை பூட்டியிருக்குன்னு அண்ணன் சொன்னான். கடை இப்பவும் பூட்டித்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு ‘வாஸ்’?” என்று கேட்கிறாள். தமிழில் நாம் காலத்தை மாற்றுவதில்லையே. என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, போருக்கு முன்பு ரங்கூனில் வட்டிக்கடையில் இருந்தவர். அவர் எழுதிய கடிதம் ஒன்று அப்பத்தாவின் தகரப்பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. ‘இங்கே மழை ஓயவில்லை. நாளை கப்பல் ஏறுகிறேன்’ என்று இரண்டே வரி. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியதைப் பல வருஷம் கழித்தும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வார்: “அங்கெ மழை ஓயலையாம். மறுநாளே கப்பல் ஏறுறதா எழுதியிருந்தாக.”

உங்கள் மகளின் அட்டவணையில் பாதி இதில் வந்துவிட்டது. ‘இங்கே’ ‘அங்கே’ ஆயிற்று, ‘நாளை’ ‘மறுநாள்’ ஆயிற்று. ரங்கூனின் ‘இங்கே’ காரைக்குடி வீட்டில் செல்லாது. கடிதம் வந்து சேர்வதற்குள் அந்த ‘நாளை’யும் கழிந்திருக்கும். ஆங்கிலமும் இதே காரணத்துக்காகத்தான் இந்தச் சொற்களை மாற்றுகிறது. அன்று சொன்னதை அன்றே, அதே இடத்தில் நின்று சொன்னால் மாற்ற வேண்டியதில்லை.

வினைச்சொல்லில்தான் வழி பிரிகிறது. தமிழில் ‘என்று’ போட்டால் பேசியவரின் சொல் அப்படியே நிற்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. ‘நான் வருவேன் என்று அவன் சொன்னான்’ என்றால் வரப்போவது அவனா, நானா? அதைத் தீர்க்கத்தான் ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘தான்’ மாதிரி ஒரு சொல் கிடையாது. ‘ஹி செட் ஹி வுட் கம்’ என்றால் இரண்டாவது ‘ஹி’ வேறொருவனாகவும் இருக்கலாம்.

இப்போது அப்பத்தாவின் ‘ஓயலையாம்’. அந்த ‘ஆம்’ என்ன செய்கிறது? ‘இது அவர் சொன்னது, நான் பார்க்கவில்லை’ என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் விகுதி இல்லை. சொன்ன காலத்துக்கே வினையைத் தள்ளிவிடுவதன் மூலம் அது ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம். ‘ஹி செட் த ஷாப் வாஸ் க்ளோஸ்டு’ என்றால் பூட்டியிருந்ததாம், அவ்வளவுதான். ‘இஸ் க்ளோஸ்டு’ என்றும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதில் ‘இப்பவும் பூட்டித்தான் இருக்கு, போகாதே’ என்று சொல்பவரும் கொஞ்சம் பொறுப்பேற்கிறார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போன்ற பொது உண்மைகளில் காலத்தை மாற்ற வேண்டாம் என்று பாடத்தில் இருப்பதும் இதனால்தான். அதற்கு யாரும் ‘சுற்றுகிறதாம்’ போட மாட்டோம். ஆக, மகள் சொல்வது சரி. ஆனால் பரீட்சையில் ‘வாஸ்’ என்றே எழுதட்டும். மதிப்பெண் போடுபவரோடு வாதாட முடியாது.

நமக்கு உண்மையில் கால் இடறும் இடம் கேள்விகள். ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு ‘ஹி ஆஸ்க்டு மீ தட் வேர் ஆர் யூ கோயிங்’ என்று நானே கல்லூரி நேர்முகத்தேர்வில் சொல்லி, எதிரில் இருந்தவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ‘என்று’ எங்கும் ஒட்டும், ‘தட்’ கேள்வியில் ஒட்டாது. ‘ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ என்பதே சரி. கேள்வியின் சொல்வரிசை சாதாரண வாக்கியமாகத் திரும்பிவிடுகிறது, கேள்விக்குறியும் போய்விடும். ஆமா இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியானால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. நம்முடைய ‘வருவேனா’வில் உள்ள ‘ஆ’வின் வேலை அது. அப்புறம், ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்பதும் பின்னாலேயே வர வேண்டும், ‘செட்’டுக்கு அது வேண்டாம்.

வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள்தானே? அவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் குரல்பதிவை மறுநாள் அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ மகளைச் சொல்லச் சொல்லுங்கள், முதலில் தமிழில். அவள் எங்கெல்லாம் ‘ஆம்’ போடுகிறாள், எந்தச் சொல்லை மாற்றுகிறாள் என்று குறித்துக்கொண்டு, அதையே பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.