ஃபோம் பலகையால் வீட்டிலேயே எடை குறைந்த கேம்பர் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுக்கும் வண்டி) கட்ட முடியுமா? மழையும் நெடுஞ்சாலை வேகமும் தாங்குமா?

முடியும். இரண்டையும் தாங்கும். மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நானே ஒன்று கட்டி, சில வருடங்களாக நானும் மனைவியும் அதில்தான் முகாம் போய்வருகிறோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

"தெர்மாகோல் மாதிரி இருக்கிற பொருளை நம்பி எப்படி உள்ளே படுப்பது?" என்றும் கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். செய்முறைக்குப் போவதற்கு முன்னால் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

ஃபோமுக்கென்று தனியாகப் பெரிய பலம் கிடையாது. 2 அங்குலப் பலகையை முழங்காலில் வைத்து அழுத்தினால் பட்டென்று முறிந்துவிடும். அதே பலகையின் இரண்டு பக்கமும் துணியைப் பசை போட்டு ஒட்டிக் காயவைத்துவிட்டு வளைத்துப் பாருங்கள், அவ்வளவு சுலபமாக அசையாது. வளைக்கும்போது ஒரு பக்கத் துணி, அதாவது தோல், இழுபட வேண்டும், மறுபக்கத் தோல் அமுங்க வேண்டும். நடுவில் இருக்கும் ஃபோம் அந்த இரண்டையும் நழுவவிடாமல், விலகவிடாமல் பிடித்து நிற்கிறது. சாதாரண அட்டைப்பெட்டி இப்படித்தான் தன்னைவிடப் பல மடங்கு எடையைச் சுமக்கிறது. இரண்டு தோல்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். நான் 1 அங்குலத்தை விட்டுவிட்டு 2 அங்குலப் பலகை எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1940இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் மாஸ்கிட்டோ போர் விமானத்தின் உடம்பு, மெல்லிய பிர்ச் ப்ளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியது. 1975இல் பர்ட் ரூட்டன் வடிவமைத்த வாரிஈஸி விமானத்துக்கு ஃபோம் மேல் ஃபைபர்கிளாஸ் தோல். அதை ஆர்வலர்கள் தங்கள் வீட்டு ஷெட்டிலேயே கட்டிப் பறந்தார்கள். நாம் கட்டப்போவது சாலையில் உருளும் ஒரு படுக்கை அறை, அவ்வளவுதான்.

ஆக, பலம் தோலிலும் பசையிலும் இருக்கிறது. தோல் ஃபோமைவிட்டு உரிந்த இடத்தில் பலம் போய்விடும். இன்னொன்று, சுவர் மொத்தமாகச் சுமை தாங்கும், ஆனால் ஒரு ஸ்க்ரூ முனையில் சுமை விழுந்தால் ஃபோம் குழிந்துவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பலகை வாங்கும்போது எக்ஸ்பிஎஸ் (பிழிந்தெடுத்த பாலிஸ்டைரீன் ஃபோம்) என்று கேட்டு வாங்குங்கள். நம்ம ஊரில் தெர்மாகோல் என்று சொல்வது குருணை குருணையாக ஒட்டியிருக்கும் இபிஎஸ். அதில் குருணைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும். எக்ஸ்பிஎஸ் ஒரே சீராகப் பிழிந்தெடுத்தது, உள்ளே இருக்கும் காற்றறைகள் எல்லாம் மூடியவை. அமெரிக்காவில் 4க்கு 8 அடிப் பலகையாகக் கட்டடச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஓவன்ஸ் கார்னிங் கம்பெனியுடையது இளஞ்சிவப்பு. குளிர் மாநிலங்களில் 2 அங்குலம் சாதாரணமாக இருக்கும். தெற்கே இருப்பவர்கள் கடையில் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

எடைக் கணக்கைப் பாருங்கள். 2 அங்குலம் கனமுள்ள முழுப் பலகை ஒன்று 4 கிலோகூட வராது. 5 அடி அகலம், 8 அடி நீளத்தில் இரண்டு பேர் படுக்கும் கண்ணீர்த்துளி வடிவக் கேம்பருக்குச் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 200 சதுர அடி. அதற்கு ஃபோம் 25 கிலோ. இரு பக்கமும் கேன்வாஸ், காய்ந்த பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்தால் இன்னொரு 20 முதல் 25 கிலோ. அதே பரப்பை அரை அங்குல ப்ளைவுட்டில் மட்டும் கட்டினால் 120 கிலோவைத் தாண்டும், குளிர் தடுப்பும் இருக்காது. என்னுடையது சேசிஸ் (சக்கரங்களோடு உள்ள அடிச்சட்டம்), கதவுகள், மெத்தை, பேட்டரி, சமையல் சாமான் எல்லாம் சேர்த்து லாரி எடைமேடையில் சுமார் 320 கிலோ காட்டியது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா ராவ்4 கார்களில் பலவற்றுக்கு இழுவை வரம்பு 1,500 பவுண்ட், அதாவது 680 கிலோ. கடையில் விற்கும் சின்ன கேம்பர்கள் பல, சாமான் ஏற்றுவதற்கு முன்பே அந்த வரம்பைத் தொட்டுவிடுகின்றன. எடை குறைவாக இருந்தால் இருக்கிற காரே போதும், பெரிய பிக்கப் வாங்க வேண்டாம். முகாம் இடத்தில் கையாலேயே தள்ளித் திருப்பி நிறுத்தலாம். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான்.

சேசிஸை நீங்களே வெல்டிங் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஹார்பர் ஃபிரைட் மாதிரிக் கடைகளில் கிடைக்கும் 4க்கு 8 அடி சாமான் ட்ரெய்லரை வாங்கி, கட்டும் முன்பே சாமான் ட்ரெய்லராகப் பதிவு செய்து நம்பர் பிளேட் வாங்கிவிடுங்கள். தயாரிப்பாளர் தரும் உரிமைச் சான்று கையில் இருக்கும்போது இது சுலபம். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இந்த ட்ரெய்லர்களின் கமான் பட்டைகள் (ஸ்ப்ரிங்) 1,720 பவுண்ட், அதாவது சுமார் 780 கிலோ வரை சுமக்கக் கணக்கிட்டவை. நம் கேம்பர் அதில் பாதிகூட இருக்காது என்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறிக் குதிக்கும், அந்த அதிர்ச்சி நேராக ஒட்டுகளுக்குப் போகும். சிலர் இரு பக்கக் கமானிலும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள், சிலர் ரப்பர் முறுக்கால் அதிர்வை வாங்கும் டார்ஷன் அச்சுக்கு மாற்றுகிறார்கள். ஏதாவது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனி பசை. இரண்டு ஃபோம் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்ட மரப் பசை உதவாது. அது தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும், ஃபோம் ஈரத்தை வெளியே விடாது. வாரக்கணக்கில் காத்திருந்தாலும் நடுவில் ஈரமாகவே கிடக்கும். அந்த இடத்துக்கு கொரில்லா க்ளூ வகைப் பாலியூரிதேன் பசைதான் சரி. அது ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. ஒரு பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, மறுபக்கம் பசை தடவி, நன்றாக பாரம் வைத்துவிடுங்கள். நுரைத்துப் பொங்கும்போது பலகையைத் தள்ளிவிடப் பார்க்கும். ஸ்ப்ரே பெயின்ட், அசிட்டோன், பெட்ரோல், ஃபைபர்கிளாஸுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் இவையெல்லாம் ஃபோமைக் கரைத்துவிடும். எபாக்ஸி கரைக்காது. எந்த டப்பாவாக இருந்தாலும் முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

துணிக்கு பெயின்டர்கள் தரையில் விரிக்கும் கெட்டியான பருத்திக் கேன்வாஸ் போதும். நடுவில் தையல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஃபோமின் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும், அப்படியே ஒட்டினால் பிடிக்காது. முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, முள் உருளையை ஓட்டிச் சின்னச் சின்னத் துளைகள் போடுங்கள். பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கி வேர்பிடிக்கும். டைட்பாண்ட் 2 என்ற மரப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ரோலரால் தாராளமாகப் பூசி, கேன்வாஸை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுங்கள். இங்கே ஈரம் துணி வழியாக வெளியேறிவிடும் என்பதால் மரப் பசை நன்றாக இறுகும். பிறகு துணிக்கு மேலும் ஒரு பூச்சு. இழை நனைந்த இடம் ஒரே சீராகக் கருத்துத் தெரியும், வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே அடியில் பசை போதவில்லை என்று அர்த்தம். காயும்போது பருத்தி சுருங்கித் தானாகவே விறைக்கும். மறுநாள் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது பொள்ளென்று சத்தம் வந்தால் அங்கே காற்றுக் குமிழ் இருக்கிறது. பிளேடால் ஒரு கீறல், ஊசியால் கொஞ்சம் பசை, அப்புறம் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால் அமர்ந்துவிடும். சூட்டில் இந்தப் பசை இளகி மறுபடி பிடிக்கும். அதற்காகப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிடாதீர்கள், அடியில் ஃபோம் உருகும்.

மூலைகளை நன்றாக உருட்டித் தேய்த்துவிட்டு, ஒரு பலகையின் துணி அடுத்த பலகைமேல் ஒரு கையகலம் ஏறும்படி ஒட்டுங்கள். கேம்பரில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் மூலையில்தான். துணி அங்கே இரண்டு அடுக்காகச் சுற்றிவிட்டால் பிளவு என்று ஒன்றே இருக்காது. பழைய மரக் கேம்பர்களின் மூலைப் பட்டைக்கு அடியில் மரம் ஊறி உளுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேலே வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட். முதல் பூச்சைத் தண்ணீர் சேர்த்து நீர்க்க அடித்தால் இழைக்குள் இறங்கும், அதன்மேல் மூன்று பூச்சு. வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான் அடிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எக்ஸ்பிஎஸ் சுமார் 74 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், கருநீல அல்லது கறுப்புக் கூரை ஜூலை வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன். கதவுக் கீல், ஜன்னல் சட்டம், கூரை ஃபேன், அலமாரி, விளக்கு என எது எங்கே வரும் என்பதைத் துணி ஒட்டுவதற்கு முன்பே முழு அளவுப் படமாக வரைந்து முடிவு செய்ய வேண்டும். அந்தந்த இடத்தில் ஃபோமைச் செதுக்கி, மரக்கட்டையை மேல்மட்டத்துக்குச் சமமாகப் பதித்து ஒட்டி, அதன்மேல் துணி போக வேண்டும். அப்போது கீலில் விழும் சுமை கட்டைக்கும், கட்டையிலிருந்து தோலுக்கும் பரவிவிடும். கட்டுகிற ஒவ்வொருவருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கேம்பர் கட்டும் நேரத்தில் பாதி இந்தப் படத்துக்கே போனாலும் பரவாயில்லை. வயருக்கான குழாயையும் அப்போதே பதித்துவிடுங்கள்.

தரைக்குக் கேன்வாஸ் போதாது, முழங்கால் ஊன்றினால் குழியும். ஓரமெல்லாம் மரச்சட்டம், நடுவில் ஃபோம், மேலும் கீழும் கால் அங்குல ப்ளைவுட். சேசிஸோடு இணைக்கும் போல்ட் எல்லாம் அந்த மரச்சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அகலமான வாஷரோடு. கூரையை வளைக்க உள்பக்கம் பாதி ஆழத்துக்கு வரிசையாக ரம்பக் கீறல் போட்டு, வளைத்து வைத்துப் பாலியூரிதேன் பசையால் நிரப்பினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

உள்ளே படுப்பதைப் பற்றி. 2 அங்குல எக்ஸ்பிஎஸ்ஸின் வெப்பத் தடை மதிப்பு ஆர்-10. இரண்டு பேர் தூங்கும்போது உடம்பிலிருந்து சுமார் 150 வாட் சூடு வருகிறது. கணக்குப்படி ஹீட்டரே இல்லாமல் உள்ளே வெளியைவிட 10 டிகிரி வரை கதகதப்பாக இருக்கும். ஆனால் அதே இரண்டு பேரின் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு ராத்திரிக்கு அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் வெளியே வருகிறது. கூரை ஃபேனையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் படுக்க வேண்டும், கதகதப்பு சிறிது குறைந்தாலும் சரி.

தீ விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. எக்ஸ்பிஎஸ்ஸில் தீத்தடுப்பு சேர்த்திருந்தாலும், பிடித்துவிட்டால் கரும்புகையோடு எரியும். அடுப்பு எப்போதும் வெளியே, பின்பக்கக் கதவுக்கு அடியில்கூட வேண்டாம், தள்ளி ஒரு மேசையில். உள்ளே கேஸ் ஹீட்டரோ மெழுகுவர்த்தியோ கூடாது. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். இரண்டு பக்கமும் கதவு வையுங்கள், ஒன்று அடைபட்டாலும் மற்றதில் வெளியேற.

சாலையில் ஓட்டும்போது எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிமேல் விழ வேண்டும். 320 கிலோ என்றால் 32 முதல் 48 கிலோ, குளியலறைத் தராசை வைத்தே அளந்துவிடலாம். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் காரையே திருப்பிவிடும். பேட்டரியையும் தண்ணீர் டப்பாவையும் அச்சுக்கு முன்னால் வையுங்கள், சமையல் சாமான் பின்னால் இருக்கிறதே என்பதற்காகவாவது. லேசான ட்ரெய்லர் என்பதால் பக்கக் காற்றுக்கு அசையத்தான் செய்யும். மிச்சிகனின் நீளமான மெக்கினாக் பாலத்தில் காற்று வீசும் நாட்களில் நான் மெதுவாகத்தான் போவேன். சின்ன ட்ரெய்லர் டயர்களில் பலவற்றுக்கு வேக வரம்பே மணிக்கு 65 மைல்தான், அதை மீறவே வேண்டாம்.

ஆரம்பிக்க நினைத்தால் முழுப் பலகை வாங்கும் முன் ஓரடிச் சதுரத் துண்டு ஒன்றுக்கு இரு பக்கமும் துணி ஒட்டி, ஒரு கட்டையும் பதித்து, பெயின்ட் அடித்து ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் வெளியே போட்டுவையுங்கள். பிறகு கட்டையில் ஸ்க்ரூ முடுக்கி இழுத்துப் பாருங்கள், துணியின் ஓரத்தை உரித்துப் பாருங்கள். துணியோடு ஃபோமும் பிய்ந்து வந்தால் ஒட்டு சரி. துணி மட்டும் சுத்தமாகக் கழன்று வந்தால் ஃபோமை இன்னும் முரடாகத் தேய்க்க வேண்டும்.