ஒரே கணினியில் இரண்டு பைத்தான்: சம்பளப் புரோகிராம் நிற்காமல் புதியதை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். ஷிஃப்ட் கணக்கும் பீஸ் ரேட் கணக்கும் போட்டு வாரச் சம்பளப் பட்டியல் எடுக்கிற புரோகிராம் எங்களிடம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.8 பதிப்பில் எழுதியது. இப்போது பேக்கிங் லிஸ்ட்டுக்காக நான் புதிதாக ஒன்று எழுதுகிறேன், அதற்கு 3.12 வேண்டும். எங்கள் கணினியில் ஓடும் உபுண்டு 20.04 லினக்ஸில் 3.12-ஐப் போட்டு, பைத்தான்3 என்று அடித்தால் அதுவே வரும்படி லிங்க்கை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னல் திறக்க மாட்டேன் என்கிறது, சம்பளப் புரோகிராமும் ஓடவில்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். என்ன செய்யட்டுங்ணா?

பதில்: முதலில் சனிக்கிழமையைக் காப்பாற்றுவோம் தம்பி, விளக்கம் அப்புறம்.

டெர்மினல் ஐகான் வேலை செய்யாவிட்டாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போங்கள். யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் பின் என்ற ஃபோல்டரில் பைத்தான்3 என்ற லிங்க் இப்போது 3.12-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு, லிங்க் போடும் எல்என் கட்டளையை எஸ், எஃப் என்ற இரண்டு குறிகளுடன் கொடுத்து, அந்த லிங்க்கை அதே ஃபோல்டரில் இருக்கும் பைத்தான்3.8-க்கே திருப்பிவிடுங்கள். மறுபடி வழக்கமான திரைக்கு வர கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2. சில கணினிகளில் எஃப்1. இதைச் செய்தாலே டெர்மினல் திறக்கும், சம்பளப் புரோகிராமும் ஓடும். எதையும் அழிக்கவோ உபுண்டுவைத் திரும்பப் போடவோ வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆனது? உபுண்டுவில் அந்த பைத்தான்3 உங்களுக்காக வைத்தது இல்லை, சிஸ்டம் தனக்காக வைத்துக்கொண்டது. டெர்மினலைத் திறந்துவிடும் சிறு நிரலே பைத்தானில் எழுதியதுதான். அப்டேட் சம்பந்தமான பல வேலைகளும் அதை நம்பித்தான் நடக்கின்றன. 20.04-ல் அவை எல்லாம் 3.8-க்காகவே கட்டப்பட்டவை. 3.8-க்குக் கட்டிய உறுப்பு 3.12-ல் பொருந்தாது. உங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்வதென்றால், 24 கேஜில் ஓடிக்கொண்டிருக்கும் நிட்டிங் மெஷினில் ஒரு ஆர்டருக்காக சிலிண்டரை 20 கேஜுக்கு மாற்றிவிட்டு, பழைய ஆர்டரும் அதே மெஷினில் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது போன்றது இது. அதற்கு இன்னொரு மெஷினைப் பக்கத்தில் போடுவதுதான் வழி.

சம்பளப் புரோகிராம் நின்றதற்கும் காரணம் இருக்கிறது. பைத்தானோடு காலங்காலமாக வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியை 3.12-ல் எடுத்துவிட்டார்கள். இம்ப் என்பதும் அதே பதிப்போடு போனது. கலெக்‌ஷன்ஸ் என்ற பகுதிக்குள் இருந்த சில பழைய பெயர்கள் 3.10-லேயே போய்விட்டன. அது போக, 3.8-க்காக நீங்கள் போட்டிருந்த லைப்ரரிகள் (பிறர் எழுதித் தந்த துணைப் பகுதிகள்) 3.12-ன் கண்ணுக்கே தெரியாது, ஒவ்வொரு பதிப்பும் தன் லைப்ரரிகளைத் தனி இடத்தில்தான் தேடும். புரோகிராமை எழுதியவர் மேல் தப்பில்லை.

சரி, பக்கத்தில் இன்னொரு மெஷின் போடுவது எப்படி? அதற்குத்தான் பைஎன்வ். ரூபி மொழிக்காரர்கள் வைத்திருந்த ஆர்பிஎன்வ் என்ற கருவியிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம். எத்தனை பைத்தான் பதிப்பு வேண்டுமானாலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே தனித்தனியாக வைத்துக்கொள்ளும். சிஸ்டம் பைத்தானைத் தொடாது. பதிப்புகளைப் போடவும் மாற்றவும் சூடோவும் தேவையில்லை.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி வராது. நீங்கள் பைத்தான் என்று அடித்ததும் லினக்ஸ், பாத் என்ற பட்டியலில் இருக்கும் ஃபோல்டர்களை முதலிலிருந்து வரிசையாகத் தேடும், எதில் முதலில் கிடைக்கிறதோ அதை ஓட்டும். பைஎன்வ் அந்தப் பட்டியலின் தலையில் தன்னுடைய ஷிம்ஸ் ஃபோல்டரை வைத்துவிடுகிறது. அங்கே பைத்தான் என்ற பெயரில் இருப்பது உண்மையான பைத்தான் இல்லை, வாசலில் நிற்கும் மேஸ்திரி. எந்த ஆர்டருக்கு எந்த மெஷின் என்று சீட்டைப் பார்த்து அனுப்புகிறவர் அவர்.

சீட்டை அவர் தேடும் வரிசை முக்கியம். அந்த டெர்மினலுக்கு மட்டும் என்று ஷெல் கட்டளையில் ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று முதலில் பார்ப்பார். இல்லையென்றால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் பைத்தான்-வெர்ஷன் என்று, முன்னால் ஒரு புள்ளி வைத்த பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே இல்லாவிட்டால் மேல் ஃபோல்டர், அதற்கும் மேல் ஃபோல்டர் என்று ஏறிக்கொண்டே போவார். எங்குமே இல்லாவிட்டால் குளோபல் கட்டளையில் சொன்ன பொதுப் பதிப்பு. அதுவும் இல்லாவிட்டால் சிஸ்டம் பைத்தான்.

போடும் முறைக்கு வருவோம். கிட்ஹப் இணையதளத்தில் உள்ள பைஎன்வின் பக்கத்தில் ஒற்றை வரி நிறுவல் கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்தால் இறங்கிவிடும். ஆனால் இறங்கினால் மட்டும் போதாது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் சேர்க்கச் சொல்லி அதே பக்கத்தில் சில வரிகள் கொடுத்திருப்பார்கள், அவைதான் மேஸ்திரியை வாசலில் நிறுத்துகின்றன. அவற்றைச் சேர்த்துவிட்டுப் புதிய டெர்மினல் திறங்கள். போட்டேன், ஆனால் பழைய பைத்தானே வருகிறது என்று என்னிடம் வருகிற பெரும்பாலோர் இந்த வரிகளை விட்டவர்கள்தான்.

அடுத்த தடங்கல், பைஎன்வ் லினக்ஸில் பைத்தானை மூல நிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே கட்டும் என்பது. அதற்கு, மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும், பெயர் டெவ் என்று முடியும் சில லைப்ரரிகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லோ இசட்லிப்போ இல்லையென்றால் கட்டும்போதே பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. எஸ்க்யூலைட், டிகே, பிஜிப்2 போன்றவை இல்லாதபோதுதான் ஆபத்து. ஒரு எச்சரிக்கை வரியோடு பைத்தான் கட்டி முடிந்துவிடும், நாமும் அந்த வரியைப் படிக்காமல் போய்விடுவோம். பிறகு புரோகிராம் எஸ்க்யூலைட் டேட்டாபேஸைத் திறக்கும்போது அல்லது டிகே ஜன்னலைக் காட்டும்போது, அப்படி ஒரு பகுதியே இல்லை என்று விழும். லைப்ரரியைப் பிறகு போட்டால் மட்டும் சரியாகாது, அந்தப் பதிப்பையே திரும்பக் கட்ட வேண்டும். பைஎன்வ் விக்கியில் உபுண்டுவுக்கான லைப்ரரிப் பட்டியல் முழுதாக இருக்கிறது, அதை ஒரே மூச்சில் போட்டுவிட்டே தொடங்குங்கள்.

அது ஆனதும் பைஎன்வ் இன்ஸ்டால் 3.12 என்று கொடுங்கள். அந்த வரிசையின் கடைசித் திருத்தப் பதிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். முடிய சில நிமிடங்கள் ஆகும், பழைய கணினி என்றால் இன்னும் கூட. அதே போல 3.8-ஐயும் போடுங்கள். சிஸ்டத்தில்தான் 3.8 இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று தோன்றும். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. நாளைக்கே நீங்கள் 24.04-க்கு மாறினால் சிஸ்டம் பைத்தான் 3.12 ஆகிவிடும், சம்பளம் மறுபடி நிற்கும். சம்பளப் புரோகிராமின் 3.8 பைஎன்வுக்குள் தனியாக இருந்தால் அதைச் சிஸ்டத்தின் பதிப்பு இழுத்துக்கொண்டு போகாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்ய வேண்டியது புராஜெக்ட் ஃபோல்டர், கணினி அல்ல.

சம்பள ஃபோல்டருக்குள் போய் பைஎன்வ் லோக்கல் 3.8, பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டருக்குள் போய் பைஎன்வ் லோக்கல் 3.12. சீட்டு எழுதியாயிற்று. குளோபலை சிஸ்டம் என்றே விட்டுவிடுங்கள். பைஎன்வ் வெர்ஷன் என்று கேட்டால் இப்போது எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு சொன்னதால் அது என்று இரண்டையும் காட்டும். குழப்பம் வந்தால் முதலில் அடிக்க வேண்டிய கட்டளை இதுதான்.

அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தந்தப் பைத்தானை வைத்து ஒரு வென்வ் (அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டுமான தனி லைப்ரரி அறை) உருவாக்கி, லைப்ரரிகளை அதற்குள் போடுங்கள். பைஎன்வ் இருந்தால் வென்வ் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பைஎன்வ் பதிப்பைப் பிரிக்கிறது, வென்வ் லைப்ரரிகளைப் பிரிக்கிறது. இரண்டும் வேண்டும். ஒன்று நினைவில் வையுங்கள்: வென்வ் அந்த பைஎன்வ் பதிப்பின் மேல்தான் நிற்கிறது. இடம் போதவில்லை என்று அந்தப் பதிப்பை அழித்தால் வென்வும் சேர்ந்து விழும்.

இனி கிரான், அதாவது குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக ஓட்டும் லினக்ஸ் ஏற்பாடு. உங்கள் சம்பளப் பட்டியல் நேரம் வைத்துத் தானாக ஓடுகிறதா என்று எழுதவில்லை. ஓடுகிறது என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சில வருடங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கம் ஒரு தறிக்கூடத்துக்கு இதே ஏற்பாட்டை நான் செய்து கொடுத்தேன். டெர்மினலில் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. சனிக்கிழமை அதிகாலை கிரானில் ஓட வேண்டிய பட்டியல் வரவில்லை. கிரான் நம் பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. அதன் பாத் பட்டியலில் சிஸ்டத்தின் இரண்டு ஃபோல்டர்கள்தான் இருக்கும், ஷிம்ஸ் இருக்காது. மேஸ்திரியைப் பார்க்காமலே அது நேராக சிஸ்டம் பைத்தானுக்குப் போய்விட்டது, அங்கே நான் போட்ட லைப்ரரி இல்லை. பிழைச் செய்தியை எங்கேயும் எழுதச் சொல்லாததால் என்ன ஆனது என்று மதியம் வரை யாருக்கும் தெரியவில்லை. பாவு ஓட்டுகிறவர்களும் நூல் சுற்றுகிற அம்மாக்களும் சாயந்திரம் சம்பளத்துக்காக உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. வாரக்கூலியை நம்பி சந்தைக்குப் போகிற குடும்பங்கள் அவை.

அதனால் கிரானில் பைத்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். சம்பள ஃபோல்டரின் வென்வுக்குள் பின் என்ற ஃபோல்டரில் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதுங்கள். அப்போது ஷிம்மும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், நேராக அந்த மெஷினே ஓடும். எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும் என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள், வெளிவருவதையும் பிழைகளையும் ஒரு லாக் கோப்பில் எழுத வையுங்கள்.

மூலத்திலிருந்து கட்டுவது தலைவலியாக இருந்தால் யூவி என்ற புதிய கருவி இருக்கிறது. 2024-ல் வந்தது, ரஸ்ட் மொழியில் எழுதியது. கட்டி முடித்த பைத்தானையே இறக்கித் தருவதால் வேகம் அதிகம், வென்வும் அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன். பைத்தான்-வெர்ஷன் கோப்பை அதுவும் படிக்கும், அதனால் பிறகு மாறினாலும் சீட்டு வீணாகாது. ஆபீஸில் யாராவது விண்டோஸ் வைத்திருந்தால் பைஎன்வ் அதில் நேரடியாக ஓடாது, பைஎன்வ்-வின் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

3.8-ஐ எப்போதும் இப்படியே வைத்திருக்கலாமா என்றால், வேண்டாம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 அக்டோபரோடு நின்றுவிட்டது. 3.12-க்கு 2028 அக்டோபர் வரை வரும். அவசரமில்லாமல் மாற்ற பைஎன்வே வழி தருகிறது. சம்பள ஃபோல்டரை அப்படியே நகல் எடுங்கள், கூடவே வரும் பழைய வென்வை அழித்துவிடுங்கள். நகலில் லோக்கலை 3.12 ஆக்கி, புது வென்வ் போட்டு, விழுகிற இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். முடிந்ததும் போன மாத வாரங்களின் கணக்கை இரண்டிலும் ஓட்டி, பட்டியல்களை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தவர்கள், பாதி வாரத்தில் நின்றவர்கள், முன்பணம் வாங்கியவர்கள் எல்லோரும் அந்த வாரங்களில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய் மாறினாலும் ஏன் என்று தெரியும்வரை பழையதே ஓடட்டும்.

இந்த வாரம் லிங்க்கைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற வேலையை சம்பளம் கொடுத்து முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். கிரான் வரியை மாற்றினால் ஐந்து நிமிடம் தள்ளி ஒரு நேரம் கொடுத்து, அது தானாக ஓடி முடிவதை லாக் கோப்பில் பார்த்துவிட்டுத்தான் சனிக்கிழமை நேரத்தைத் திரும்ப எழுத வேண்டும். எங்கேயாவது நின்றால் பைஎன்வ் வெர்ஷன் காட்டும் வரியையும் லாக் கோப்பின் கடைசிப் பத்து வரிகளையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.